நுழைவாயிலும் வெளிவாயிலும்: இந்திய மனநல மருத்துவமனைச் சேர்க்கைச் சட்டங்களும் பொது மனநலக் கொள்கையும்

ஆய்வுச் சுருக்கம்

மனநல மருத்துவமனையில் ஒருவரைச் சேர்ப்பது மருத்துவச் செயல் மட்டுமன்று. தனிமனித உரிமையைத் தொடும் சட்டச் செயலுமாகும். இந்தியாவில் 1912, 1987, 2017 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட மூன்று சட்டங்கள், இச்சேர்க்கையை யார், எந்த அளவுகோலின்படி, எவ்வளவு காலத்திற்கு முடிவு செய்யலாம் என்பதை வெவ்வேறு வகையில் வரையறுத்தன. நுழைவாயிலைச் சீர்செய்வதில் இச்சட்டங்கள் படிப்படியாக முன்னேறியுள்ளன. ஆயினும், சிகிச்சை முடிந்தவர் வெளியேறும் வழி சட்டத்தால் மட்டும் திறப்பதன்று. மருத்துவமனைக்கு வெளியே அரசு கட்டியெழுப்பும் சமூகப் பராமரிப்பைச் சார்ந்தே அது திறக்கிறது. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டம், தன்விருப்பச் சேர்க்கை, ஆதரவுச் சேர்க்கை, மனநல மறுஆய்வு வாரியம், நீள்தங்கல், ஏர்வாடி, சமூகப் பராமரிப்பு.

முன்னுரை

மருத்துவமனையில் சேரும் நோயாளி எப்போது வீடு திரும்புவார் என்ற வினாவிற்குப் பொதுவாக அவரது நோயே விடை தரும். எலும்பு கூடியதும், காய்ச்சல் தணிந்ததும் அவர் திரும்பிவிடுவார். மனநல மருத்துவமனையில் இவ்விடை எளிதன்று. நோய் தணிந்த பின்னரும் ஒருவர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேரிடலாம். அவரைத் தடுத்து நிறுத்துவது நோயா, சட்டமா, குடும்பமா, அரசின் கொள்கையா என்பது ஆராயத்தக்கது.

அசாமைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவின் கடுமையைக் காட்டுகிறது. 1951இல் கைது செய்யப்பட்ட அவர், மனநோயாளி எனக் கருதப்பட்டுத் தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் நலமடைந்துவிட்டதாக மருத்துவமனை சான்றளித்தது. எனினும் அவர் வீட்டிற்கு அனுப்பப்படவில்லை. குவாஹாத்திச் சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணையே நடைபெறாமல் 54 ஆண்டுகள் அடைபட்டிருந்த அவர், தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தலையீட்டிற்குப் பின் 2005இல்தான் விடுதலையானார். அவர் குற்றவியல் வழக்கின் வழியாக உள்ளே சென்றவர். அவ்வகையில் பிற நோயாளிகளிலிருந்து வேறுபட்டவர். ஆயினும் உள்ளே செல்ல ஓர் ஆணை போதுமானதாக இருந்ததும், வெளியே வர மருத்துவரின் சான்றுகூடப் போதாததும் அவருக்கு மட்டும் உரிய நிலை அன்று.

1. காலனிய அடித்தளம்

சென்னையில் 1794ஆம் ஆண்டு மருத்துவர் வாலன்டைன் கானொலி தொடங்கிய காப்பகம், இந்தியாவின் தொடக்ககால மனநோய்க் காப்பகங்களுள் ஒன்றாகும். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் காப்பகம் நிறுவப்பட்டது. 1922இல் அது அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. பைத்தியக்காரர் விடுதி என்ற சொல் மறைந்து மருத்துவமனை என்ற சொல் வழங்கத் தொடங்கிய காலம் அது. சொல் மாறிய அளவிற்குச் சேர்க்கை முறை மாறவில்லை.

1858ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து வந்த 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், சேர்க்கையை நடுவரிடம் ஒப்படைத்தது. உறவினர் மனு அளிப்பர், மருத்துவர்கள் சான்றளிப்பர், நடுவர் ஏற்பு ஆணை பிறப்பிப்பார். தெருவில் அலைபவரையும் ஆபத்தானவராகத் தோன்றுபவரையும் காவல்துறையினர் நடுவர்முன் நிறுத்தலாம். தாமாக விரும்பி வருவோரைச் சேர்ப்பதற்கும் இச்சட்டத்தில் இடமிருந்தது. ஆயினும் அது விதிவிலக்காகவே இருந்தது. நடுவரின் ஆணையே பொதுவழியாக விளங்கியது. நோயாளியின் துன்பத்தைவிடச் சமூகத்தின் பாதுகாப்பே இச்சட்டத்தின் முதன்மைக் கவலையாக இருந்தது என்பதை அதன் நடைமுறையே உணர்த்துகிறது.

மருத்துவமனைகளின் கொள்ளளவும் மிகக் குறைவாக இருந்தது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, ஏறத்தாழ 40,000 மக்களுக்கு ஒரு மனநோய்ப் படுக்கை என்ற நிலையைப் பதிவு செய்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தது. மேலைநாடுகளில் பேருருக் கொண்ட காப்பகங்களைக் கலைப்பதே பின்னாளில் சீர்திருத்தமாயிற்று. இந்தியாவிலோ மிகப் பெரும்பாலான நோயாளிகள் எக்காலத்திலும் குடும்பத்தின் பொறுப்பிலேயே இருந்துவந்தனர். இவ்வேறுபாட்டை மறந்து இந்தியக் கொள்கையை மதிப்பிட இயலாது.

குடும்பத்தின் இப்பங்கைச் சில மருத்துவர்கள் சிகிச்சையின் உறுப்பாகவே மாற்றினர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளியுடன் குடும்பத்தினரையும் வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டது. உடன்வந்தவர் உடனே இருப்பதால், நோயாளி வெளியேறும் வழி சேர்க்கை நாளிலிருந்தே திறந்திருந்தது. இம்முயற்சிகள் சட்டத்தின் கட்டளையால் பிறந்தவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

2. 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

விடுதலை பெற்ற இந்தியா நாற்பதாண்டுகள் காலனியச் சட்டத்தையே பின்பற்றியது. 1987இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், பைத்தியம் என்ற சொல்லை நீக்கியது. தன்விருப்பச் சேர்க்கைக்கு முதலிடம் தந்தது. மனநல மருத்துவமனைகள் உரிமம் பெறவேண்டும் என்றது. தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவரை, உறவினர் அல்லது நண்பரின் வேண்டுகோளின்பேரில், மருத்துவச் சான்றுகளுடன் 90 நாள்கள் வரை சேர்க்கவும் வழிவகுத்தது. நடுவரின் ஏற்பு ஆணையும் தொடர்ந்தது.

இதே காலத்தில் வழக்குமன்றங்களும் மனித உரிமை அமைப்புகளும் முதன்மையான பணியாற்றின. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் பல மருத்துவமனை என்பதைவிடக் காவலிடமாகவே இயங்குவதைச் சுட்டிக்காட்டியது.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருங்குறை, அது மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே தன் பார்வையை நிறுத்திக்கொண்டதாகும். சுவருக்கு வெளியே நடப்பது என்ன என்பதை 2001ஆம் ஆண்டு ஏர்வாடி உலகிற்குக் காட்டியது.

3. ஏர்வாடி: மருத்துவம் இல்லாத இடத்தில் நேர்ந்தது

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலுள்ள தர்காவுக்கு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையுடன் குடும்பங்கள் நீண்டகாலமாக வந்துகொண்டிருக்கின்றன. அதனைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பல உருவாயின. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு இத்தகைய காப்பகங்களை மூடி, அங்கிருந்தோரை அரசின் பொறுப்பில் ஏற்றது.

இந்நிகழ்வை மூடநம்பிக்கையின் விளைவு என்று மட்டும் விளக்குவது போதாது. நோயாளியை அங்கு விட்டுச் சென்ற குடும்பங்களுள் பலவற்றிற்கு எட்டும் தொலைவில் மனநல மருத்துவர் இல்லை. மாதந்தோறும் மாத்திரை வாங்கப் பொருளும் இல்லை. இரவும் பகலும் நோயாளியைக் காத்துக் களைத்த குடும்பத்திற்கு ஒருவாரம் ஓய்வளிக்கும் ஏற்பாடும் இல்லை. அரசின் மருத்துவ அமைப்பு நிரப்பாத வெற்றிடத்தைச் சங்கிலி நிரப்பியது. எனவே, ஏர்வாடியைச் சேர்க்கைமுறையின் தோல்வியாகவும் பொதுக்கொள்கையின் தோல்வியாகவும் ஒருசேரக் காணவேண்டும். பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கும் ‘தவா–துவா’ திட்டத்தை அரசு தொடங்கியது. மக்களின் நம்பிக்கையைத் தடைசெய்யாமல் அதனருகே மருந்தைக் கொண்டுசென்ற இவ்வணுகுமுறை, மேற்கூறிய வெற்றிடத்தை உணர்ந்ததன் வெளிப்பாடாகும்.

4. 2017ஆம் ஆண்டுச் சட்டம்: சேர்க்கையின் புதிய இலக்கணம்

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கு இயைய இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மனநோய் உள்ளவருக்கும் தம் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறன் உண்டு. இல்லை எனில் அதனை மதிப்பிட்டுக் காட்டவேண்டும் என்பதே இச்சட்டத்தின் தொடக்கப்புள்ளி. இச்சட்டம் வகுக்கும் சேர்க்கைமுறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

தன்விருப்பச் சேர்க்கை (பிரிவுகள் 85, 86): வயது வந்தவர் தாமே வேண்டிச் சேர்வது. கூடியவரை எல்லாச் சேர்க்கையும் இவ்வகையிலேயே அமையவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இவ்வாறு சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் தடுக்கலாகாது. வெளியேறுவது ஆபத்தாகும் எனத் தோன்றினால், மதிப்பீட்டிற்காக 24 மணிநேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம் (பிரிவு 88).

ஆதரவுச் சேர்க்கை (பிரிவு 89): முடிவெடுப்பதற்கு மிகுந்த ஆதரவு தேவைப்படும் நிலையில் இருப்பவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் 30 நாள்கள் வரை சேர்ப்பது. ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநலப் பணியாளர் அல்லது மருத்துவரும் தனித்தனியே ஆய்ந்து ஒப்பவேண்டும். தமக்கோ பிறருக்கோ அண்மையில் தீங்கு விளைவித்தல் அல்லது விளைவிக்க முயலுதல், தம்மைத் தாமே பேண இயலாது ஆபத்திற்கு உள்ளாதல் ஆகியனவே அளவுகோல்கள். பெண்ணாயின் 3 நாள்களுக்குள்ளும், பிறராயின் 7 நாள்களுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்திற்கு அறிவிக்கவேண்டும். நோயாளியின் முடிவெடுக்கும் திறனை 7 நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் மதிப்பிடவேண்டும்.

நீட்டிப்பு (பிரிவு 90): 30 நாள்களுக்கு மேலும் தேவைப்படின், இரு மனநல மருத்துவர்களின் ஆய்வும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். முதலில் 90 நாள்கள், பின்னர் 120 நாள்கள், அதன்பின் 180 நாள்கள் என நீட்டிப்பிற்கு வரம்பு உண்டு.

மாவட்ட நீதிபதி நிலையிலான தலைவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள் ஆகியோருடன், மனநோயின் துன்பத்தைத் தாம் பட்டறிந்தோர், பராமரிப்போர் அல்லது இத்துறைத் தொண்டு நிறுவனத்தினரும் வாரியத்தில் இடம்பெறுவர். அலைந்து திரிபவரைக் காவல்துறையினர் தம் பாதுகாப்பில் ஏற்றால், 24 மணிநேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்திற்குக் கொண்டுசெல்லவேண்டும். காவல் அறையிலோ சிறையிலோ வைக்கலாகாது (பிரிவு 100). நடுவரின் பங்கும் சுருங்கியது. மதிப்பீட்டிற்காக 10 நாள்களுக்கு மிகாத சேர்க்கைக்கே அவர் ஆணையிட முடியும் (பிரிவு 102). சங்கிலியால் பிணைத்தல் எந்நிலையிலும் தடை செய்யப்பட்டுள்ளது (பிரிவு 95). ஏர்வாடியின் நிழல் இப்பிரிவில் தெளிவாகப் படிந்துள்ளது.

1912இல் நடுவரிடமும், 1987இல் பெரிதும் குடும்பத்திடமும் மருத்துவரிடமும் இருந்த அதிகாரம், 2017இல் கோட்பாட்டளவிலேனும் நோயாளியிடம் வந்து சேர்ந்துள்ளது. ஒரு நூற்றாண்டுக்காலச் சட்ட வளர்ச்சியின் திசை இதுவே.

5. வெளிவாயில்: பிரிவு 19இன் வாக்குறுதி

சேர்க்கை தொடர்பான விவாதங்களில் மேற்கண்ட பிரிவுகளே மிகுதியும் பேசப்படுகின்றன. ஆனால் இச்சட்டத்தின் மிகத் துணிவான கூற்று பிரிவு 19இல் உள்ளது. குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ, வீடில்லை என்பதாலோ, சமூக அடிப்படையிலான வசதிகள் இல்லை என்பதாலோ ஒருவர் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து தங்கும் நிலை ஏற்படக்கூடாது என்று அது கூறுகிறது. அத்தகையோர்க்கு இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் முதலியவற்றை அமைப்பது அரசின் கடமை என்றும் வகுக்கிறது. ஒருவர் வெளியேறுமுன் அவருடைய தொடர் சிகிச்சைக்குத் திட்டமிடவேண்டும் என்று பிரிவு 98 கூறுகிறது.

நடைமுறை இவ்வாக்குறுதிக்கு மிகத் தொலைவில் உள்ளது. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளைக் குறித்து 2019இல் ஹான்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை, உள்நோயாளிகளுள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் ஓராண்டு அல்லது அதற்கும் கூடுதலான காலம் அங்கேயே வாழ்வதைக் கண்டறிந்தது. நலமடைந்தும் மருத்துவமனைகளில் வாழ்வோரின் மறுவாழ்வு குறித்து வழிகாட்டு நெறிகளை உருவாக்கி நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2017இல் கவுரவ் குமார் பன்சல் வழக்கில் பணித்தது. அதன் பின்னும் அவ்வழக்கு முற்றுப்பெறாமல் நீண்டது.

இங்கு ஓர் உள்முரண் எழுகிறது. வாரியத்தின் ஒப்புதலுடன் 180 நாள்களுக்கு ஒருமுறை நீட்டிப்பு வழங்கலாம். நோயாளிக்குச் செல்ல இடமில்லை எனில், வாரியம் என்ன செய்யும்? நீட்டிப்பை மறுத்தால் அவர் தெருவில் நிற்பார். ஏற்றால் பிரிவு 19 மீறப்படும். அவரைத் தன்விருப்ப நோயாளி எனப் பதிவேட்டில் மாற்றிவிட்டால் சட்டச் சிக்கல் தீரும். அவரது வாழ்க்கை அதே கட்டிலில் தொடரும். விருப்பம் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளபோதே பொருள்படும். வேறிடம் இல்லாதவரின் இசைவை விருப்பம் என்று பெயரிடுவது, 1922இல் காப்பகத்தை மருத்துவமனை என்று பெயர் மாற்றியதற்கு நிகராகவே முடியும்.

6. பிற நாடுகளின் பட்டறிவு

வெளிவாயிலை மட்டும் திறப்பது தீர்வாகுமா என்ற வினாவிற்கு அமெரிக்காவும் இத்தாலியும் இருவேறு விடைகளைத் தருகின்றன. 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர்; 1994இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 72,000 ஆகக் குறைந்தது. அவர்களை ஏற்பதற்கென 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி திட்டமிட்ட சமூக மனநல மையங்களுள் பல கட்டப்படவே இல்லை. வெளியேறியோருள் பலர் வீடற்றோராகவும் சிறைவாசிகளாகவும் ஆயினர். மனநலப் படுக்கைகள் குறையுமிடத்துச் சிறைவாசிகளின் எண்ணிக்கை கூடும் என்ற கருதுகோளை லயனல் பென்ரோஸ் 1939இலேயே முன்வைத்திருந்தார். அதன் காரண காரியத் தொடர்பு இன்றும் விவாதத்திற்குரியதே. ஆயினும் அமெரிக்க நிகழ்வு அதனை மீண்டும் நினைவூட்டியது.

இத்தாலி வேறு வழியில் சென்றது. மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் முயற்சியால் உருவான 1978ஆம் ஆண்டின் 180ஆம் எண் சட்டம், மனநோய் மருத்துவமனைகளில் புதிய சேர்க்கையை நிறுத்தியது. பொது மருத்துவமனைகளில் 15 படுக்கைகளுக்கு மிகாத பிரிவுகளை அமைத்தது. கட்டாயச் சிகிச்சைக்கு மருத்துவர்களின் பரிந்துரையுடன் நகரத்தலைவரின் ஆணையும் தேவை. அது 7 நாள்களுக்குச் செல்லும். நீதிபதியின் பார்வைக்கும் உட்படும். திரியெஸ்தே நகரில் இரவும் பகலும் இயங்கும் சமூக மையங்கள் முன்னரே வளர்ந்திருந்தமையால் மாற்றம் அங்கு வெற்றி கண்டது. அத்தகைய மையங்கள் தாமதமாக உருவான பகுதிகளில் சுமை குடும்பங்களின்மேல் விழுந்தது. ஒரே சட்டம் இருவேறு விளைவுகளைத் தந்தமைக்குச் சட்டத்திற்கு வெளியே இருந்த ஏற்பாடுகளே காரணமாயின.

7. இந்தியப் பொது மனநலக் கொள்கையின் நிலை

சமூகப் பராமரிப்பின் தேவையை இந்தியா அறியாமல் இல்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இலேயே தொடங்கப்பட்டது. பெல்லாரியில் நடந்த முன்னோடிச் சோதனையின் அடிப்படையில் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் அறிமுகமானது. தொடக்ககால மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 2014இல் தேசிய மனநலக் கொள்கை வெளியானது. 2022இல் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. ஆயினும் 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதையும், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாதிருப்பதையும் காட்டியது.

இச்சிகிச்சை இடைவெளியும் மருத்துவமனை நீள்தங்கலும் இருவேறு சிக்கல்கள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டிற்கும் வேர் ஒன்றே. வட்டார மருத்துவமனையில் மருந்து கிடைக்காதபோது நோய் முற்றுகிறது. முற்றிய நிலையில் வருபவருக்கு ஆதரவுச் சேர்க்கையே வழியாகிறது. அவர் நலமடைந்து திரும்பினாலும் அதே வட்டாரத்தில் அதே மருந்து கிடைப்பதில்லை, நோய் மீள்கிறது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அழைத்துவரும் குடும்பம், முகவரியை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவதும் உண்டு. அக்குடும்பத்தை இரக்கமற்றதென இகழ்வது எளிது. அதன் தோளில் அரசு எதனையும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்வது கடினம்.

தமிழ்நாட்டில் மாற்றுவழிகளுக்கான சான்றுகள் உள்ளன. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வைச் சமூகத்திலேயே நிகழ்த்திக் காட்டியது. 1993இல் தொடங்கிய பேனியன் அமைப்பு, வீடற்ற மனநோயாளிகளுக்காக இயங்கி, பின்னர் நீள்தங்கலில் இருந்தோர் சிலர் சேர்ந்து வாடகை வீட்டில் வாழும் முறையையும் உருவாக்கியது. வீடற்ற மனநோயாளிகளுக்கான அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்களுடன் இணைந்து அரசு அமைத்துள்ளது. இவற்றைத் திட்டங்களின் தொகுப்பாக விட்டுவிடாமல், ஒவ்வொரு மாவட்டத்திற்கும் உரிய உரிமையாக விரிப்பதே அடுத்த படியாகும்.

ஆய்வு முடிவுகள்

1. மூன்று சட்டங்களின் வளர்ச்சியில் சேர்க்கை அதிகாரம் நடுவரிடமிருந்து குடும்பம், மருத்துவர் வழியாக நோயாளியை நோக்கி நகர்ந்துள்ளது.

2. கால வரம்பும் மறுஆய்வும் காரணமற்ற அடைப்பைத் தடுக்க வல்லவை. செல்ல இடமின்மையால் நிகழும் நீள்தங்கலை அவை தனித்துத் தடுக்க இயலாதவை.

3. மனநல மருத்துவமனையின் செயல்திறனைப் படுக்கைகளின் எண்ணிக்கையாலும் சேர்க்கை எண்ணிக்கையாலும் அளப்பது போதாது. ஓராண்டுக்கு மேல் தங்கியிருப்போர் எத்தனை பேர், வெளியேறியோர் எங்கு வாழ்கின்றனர், மறுசேர்க்கைக்கு முன் அவர்க்கு மருந்து கிடைத்ததா என்பனவும் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடப்படவேண்டும்.

4. மறுஆய்வு வாரியம் நீட்டிப்பு வழங்கும்போது, அது நோயின் பொருட்டா, இடமின்மையின் பொருட்டா என்பதைப் பிரித்துப் பதிவுசெய்தால், அப்பதிவே பிரிவு 19இன்கீழ் அரசின் கடமையை அளந்து காட்டும் கருவியாகும்.

முடிவுரை

ஒரு சமூகம் தன் மனநோயாளிகளை எவ்வாறு நடத்துகிறது என்பதை அதன் சட்டப்புத்தகத்தில் மட்டும் படிக்க இயலாது. நள்ளிரவில் கொந்தளிக்கும் மகனை எங்கு அழைத்துச் செல்வது எனத் தெரியாத தாய்க்கும், நலமடைந்தும் அழைத்துச் செல்ல எவரும் வராத பெண்ணுக்கும் அச்சமூகம் என்ன விடை வைத்திருக்கிறது என்பதில்தான் அதனைப் படிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவாயிலில் நீதியின் காவலை நிறுத்தியுள்ளது. வெளிவாயிலுக்கு அப்பால் ஒரு வீடு, ஒரு மருந்தகம், ஒரு வேலை, நலம் விசாரிக்க ஒரு மனிதர் ஆகியவை அமையும்போதே அச்சட்டம் முழுமை பெறும். மனநலக் கொள்கை குறித்த இனிவரும் ஆய்வுகள் சேர்க்கைப் பதிவேட்டோடு நில்லாமல், வெளியேறியோரின் வாழ்வையும் தம் ஆய்வுக்களமாகக் கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.